மொட்டை மலையில் ஒரு கோச்சி

பாலைவனத்தில் ரயிலைப் படம் பிடித்துப் பழகியவன் நான். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே மாதிரி ஒரு படத்தை எங்கள் மலையிலும் எடுக்க வேண்டும் என்று பெப்ரவரியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை அலைந்தேன். எடுத்தாயிற்று. நடுவில் ட்ரைபொட்டைப் பிரித்துப் போட்டது, கெமராவுக்குப் பெட்டி செய்தது, இடம் தேடியது எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தோட்டத்துப் பக்கம் கெமரா வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு உதவும்.

சவூதி அரேபியாவில், தமாமில் ஆறு வருடம் ஏசி வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை லீவு. கூட வேலை செய்த திருநெல்வேலி அண்ணன் ஒருவரிடம் பழைய கார் இருந்தது, விடியுமுன் அதில் கிளம்பி ரியாத் பக்கம் போவோம். தமாம்–ரியாத் ரயில் 1951இல் ஓடத் தொடங்கியது, இப்போது பயணிகள் ரயில் போகிற பாதை 449 கிலோமீற்றர், வழியில் அப்கைக், ஹுஃபூஃப் என்று இரண்டே நிலையங்கள். ஒட்டகம் ஏறிவிடாமல் பாதையின் இரண்டு பக்கமும் வேலி. ஹுஃபூஃப் தாண்டிப் போனால் தஹ்னா மணல் வரும், துருப்பிடித்த தகரத்தை அரைத்துக் கொட்டின மாதிரி சிவப்பு. உண்மையிலேயே மணல் துகள் மேல் படிந்திருக்கிற இரும்புத் துருதான் அந்த நிறம். வீதியோரம் வண்டி நிறுத்த இடமிருக்கிற இடத்தில் நின்று, வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே எடுப்போம். படம் முழுக்க மணலும் வானமும், நடுவில் ஒரு நூல் மாதிரி ரயில், அவ்வளவுதான். அந்தச் சின்ன ரயிலுக்குள் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்யும். ஆறு வருடத்தில் நான் எடுத்த நல்ல படம் எல்லாமே அந்த வகைதான்.

அங்கே கற்ற முதல் பாடம் கானல். காலை பத்து மணிக்கு மேல் 300 மில்லிமீற்றர் லென்ஸை வைத்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி வருகிற ரயிலை எடுத்தால், ரயில் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி நெளியும். முதலில் லென்ஸ் பழுது என்று நினைத்தேன். லென்ஸில் ஒன்றுமில்லை, சூடான தரைக்கு மேலே காற்றே நெளிகிறது, எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அது போகாது. வழி இரண்டுதான்: சூரியன் ஏறிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பது, இல்லையென்றால் கிட்டப் போய்ச் சின்ன லென்ஸில் எடுப்பது. அப்புறம் வெளிச்சம். மணல் பளிச்சென்று இருப்பதால் கெமரா பயந்து படத்தை இருட்டாக்கிவிடும், அதனால் முக்கால் ஸ்டொப் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அளவு) கூட்டி வைத்தே பழகிவிட்டேன்.

சரி, ஊருக்கு வந்த கதைக்கு வருகிறேன். வீடு இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நானுஓயா வரைக்கும் ரயில் பாதை வந்தது 1885இல், பதுளையை எட்டியது 1924இல். எங்கள் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) பார்த்தால் எதிர் மலையில் ரயில் ரோட்டு தெரியும். ரயிலை நாங்கள் கோச்சி என்போம், சின்ன வயதில் கோச்சிச் சத்தம்தான் எங்களுக்கு மணிக்கூடு. அப்படி இருந்தும் கெமராவைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒன்றும் அமையவில்லை.

பெப்ரவரி முழுக்க நான் போன இடமெல்லாம் ஒரே பிரச்சினை: மலை நிறைந்து கிடக்கிறது. தேயிலை, அதற்கு மேல் நிழல் மரம், கரண்டுக் கம்பி, டர்பன்டைன் காடு, லயம், கோயில், மரக்கறித் தோட்டம். ரயிலைச் சின்னதாக வைத்தால் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. பெரிதாக வைத்தால் எல்லோரும் எடுக்கிற படம்தான் வருகிறது. தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஒருதரம் போய்வந்தேன். அழகான இடம், 1921இல் கட்டியது, நீலக் கோச்சி அதன் மேல் வருவதைப் பார்க்கவே போகலாம். ஆனால் எனக்கு வேண்டியது அங்கே இல்லை.

பாலைவனத்தில் ரயில் முதலில் கண்ணுக்குத் தெரியும், வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்கும். இங்கே தலைகீழ். பத்து நிமிடத்துக்கு முன்னாலேயே என்ஜின் சத்தம் வந்துவிடும், கோச்சியைக் காணோம். 44 அடிக்கு ஒரு அடி ஏற்றம், சுற்றிச் சுற்றி ஏறுகிற வளைவுகள், அதனால் சத்தம் ஒருதரம் வலது பக்கம், ஒருதரம் முதுகுக்குப் பின்னால், ஒருதரம் பள்ளத்துக்குள் என்று இடம் மாறும். முதல் சில வாரம் சத்தம் வந்த பக்கமே கெமராவைத் திருப்பித் திருப்பி, கோச்சி வேறு பக்கத்தால் போய்விட்டது. இப்போது சத்தத்தை நம்புவதில்லை. ரயில் வரப்போகிற இடத்தில் ஒரு கட்டையையோ கம்பத்தையோ குறி வைத்து, ஃபோகஸை அங்கே கையால் பூட்டிவிட்டு, கெமராவைத் தொடாமல் நிற்கிறேன்.

வேகக் கணக்கையும் மாற்ற வேண்டியிருந்தது, இது உபயோகமான விஷயம். மணிக்கு 150 கிலோமீற்றரில் போகிற ரயில் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 42 மீற்றர் ஓடும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு செக்கன் வைத்தால் அந்த நேரத்துக்குள் 4 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கும். எங்கள் ஏற்றத்தில் கோச்சி 30இல் வந்தால் இருநூறில் ஒரு செக்கனிலேயே அதே 4 சென்ரிமீற்றர்தான். ஆக இங்கே அவ்வளவு வேகமான ஷட்டர் தேவையில்லை, மப்பு நாளில் கூட ஐஎஸ்ஓவை (கெமராவின் வெளிச்ச உணர்வு அளவு) ஏற்றாமல் எடுத்துவிடலாம். நான் பழக்கதோஷத்தில் ஆயிரத்திலேயே வைத்திருந்து ஒரு மாதப் படத்தைப் புள்ளிபுள்ளியாக்கி வைத்திருந்தேன். வெளிச்சமும் அப்படித்தான். தேயிலையின் கரும்பச்சையைப் பார்த்துக் கெமரா படத்தை வெளுக்கப் பார்க்கும், முக்கால் ஸ்டொப் குறைக்க வேண்டும். பனிமூட்டம் வந்தால் மறுபடி பாலைவனம் மாதிரி ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும். ஒரே மணி நேரத்துக்குள் இரண்டும் வரும் எங்கள் ஊரில்.

ஏப்ரலில் ட்ரைபொட் மக்கர் பண்ணியது. திருகிப் பூட்டுகிற வகைக் கால். ஒரு கால் இறுகவே இல்லை, இன்னொன்று இறுகினால் கழரவில்லை, திருகும்போது நறநறவென்று சத்தம். பிரிக்கப் பயமாக இருந்தது, ஆனால் ஏசி கொம்ப்ரசரைப் பிரிக்கிறவனுக்கு இது என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரியுங்கள், மூன்றையும் ஒன்றாகப் பிரித்தால் எது எங்கே இருந்தது என்று குழம்பும். ரப்பர் பிடி போட்ட வளையத்தைக் கடைசி வரை கழற்றினால் கீழ்க்குழாய் கையோடு வந்துவிடும். அதன் உச்சியில் பிளாஸ்டிக் ஓடு இரண்டு கவ்வி இருக்கும், உள்பக்கத்தில் சின்னக் குமிழ்கள், அவை குழாயில் இருக்கிற துளையில் உட்கார்ந்திருக்கும். கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது காலை இழுத்தபோது பேப்பர் மேல் சிவப்பாக ஒரு சிட்டிகை கொட்டியது. தஹ்னா மணல். விரலில் எடுத்துப் பார்த்தேன், வெளியே மழை தூறுகிறது, என் விரல் நுனியில் அந்த மணல் காய்ந்தே இருக்கிறது. ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிழை என்னுடையதுதான். தமாமில் கால் இறுக்கமாக இருக்கிறதென்று மெஷின் எண்ணெய் விட்டேன். எண்ணெயில் மணல் ஒட்டி, திருகத் திருக அம்மியில் அரைக்கிற மாதிரி மரையை அரைத்திருக்கிறது. சவர்க்காரத் தண்ணியும் பழைய பல்துலக்கியும் போதும். மரையின் ஒவ்வொரு வரியையும் தேய்த்து, துணியால் துடைத்து, ஒருநாள் முழுக்க அடுப்படியில் காயவைத்தேன். திரும்பப் பூட்டும்போது கிரீஸ் மரையில் மட்டும், அதுவும் மெல்லிசாக. பிளாஸ்டிக் ஓட்டில் கிரீஸ் பட்டால் கால் வழுக்கி இறங்கும், அது காய்ந்தே இருக்க வேண்டும். மணல் உள்ள ஊருக்குப் போகிறவர்கள் கிரீஸே போடாதீர்கள். இப்போது மூன்று காலும் புதுசு மாதிரி.

அதே மாதம் கெமராவுக்கும் ஒரு பெட்டி செய்தேன். தமாம் கடலோரம், ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். இங்கே குளிரில் நனைந்து திரிந்த கெமராவை அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதே பூப்பு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று: குளிர்ந்த இடத்திலேயே கெமராவைப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டு, சூடான இடத்தில் அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். நீர் பைக்கு வெளியே பூக்கும், லென்ஸில் பூக்காது. ஆனால் பூஞ்சணம் இங்கேதான் பெரிய எதிரி. ஜூனில் தென்மேல் மழை பிடித்தால் வாரக்கணக்கில் துணியே காயாத வீட்டில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சணம் படரும், கண்ணாடிப் பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. மூடியில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர், இவ்வளவுதான் செலவு. மீற்றர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. ஜெல்லின் நிறம் மாறியதும் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்து எடுத்தால் திரும்பப் பாவிக்கலாம், அந்தத் தாச்சியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. என் 70–300 லென்ஸ் இந்த மழையைத் தாண்டிவிட்டது.

ஜூலைக் கடைசியில் அம்மாதான் வழி காட்டினார். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர், இப்போது பென்ஷன். நான் கம்ப்யூட்டரில் தஹ்னாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"இப்பிடி மொட்டையா ஒரு எடம் வேணுமா தம்பி ஒனக்கு?"

"ஆமாம்மா. இங்க எங்கம்மா இருக்கு."

"ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டிட்டாங்களே, போய்ப் பாரு. அங்கன மேல் ரோட்டுல நின்னா கோச்சி ரெண்டு தரம் தெரியும். கீழ ஒருக்கா வரும், போய்ச் சுத்திக்கிட்டு மேல ஒருக்கா வரும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், இலை ஒன்று கூட இருக்காது. அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலை பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும், இரண்டு மாதத்தில் தளிர் விட ஆரம்பித்துவிடும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. ஆனால் அதைப் பாலைவனத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் போய் நின்றேன். ஒரு மலைச்சரிவு முழுக்கப் பழுப்பு, அதன் குறுக்கே ரயில் ரோட்டு மட்டும் ஒரு கோடு. அம்மா சொன்ன மாதிரியே கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவிடம் கேட்டேன். ஆட்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எடுக்கலாம், ரயில் ரோட்டுக்கு இறங்கக் கூடாது என்றார். இறங்குகிற எண்ணமே எனக்கு இல்லை. படத்துக்காகத் தண்டவாளத்தில் நிற்கிறவர்களையும் மிதிபலகையில் தொங்குகிறவர்களையும் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம். எதிர் மலையிலிருந்து எடுக்கிற படம் அதைவிட எவ்வளவோ நல்லது. இன்னொன்று, தேயிலைக்குள் நுழையுமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் குளவிக்கூடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். குளவி கொட்டி எங்கள் சனம் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், செத்தும் இருக்கிறார்கள்.

இப்போது எந்தக் கோச்சி என்ற கேள்வி. 1979இல் ஜெர்மனியிலிருந்து வந்த எம்6 என்ஜின் எனக்குப் பிடித்தது, அதன் சத்தமே தனி, ஆனால் அது இழுத்து வருகிற செம்பழுப்புப் பெட்டிகள் இந்தப் பழுப்பு மலையில் கரைந்துவிடும். 2012இல் சீனாவிலிருந்து வந்த நீல எஸ்12 ரயில்தான் வேண்டும். பழுப்பில் நீலம் எழுந்து நிற்கும். ஒருநாள் எது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நின்று பார்க்க வேண்டியதுதான்.

லென்ஸ் கணக்குப் போட்டேன். மேல் ரோட்டிலிருந்து ரயில் ரோட்டு ஏறக்குறைய 600 மீற்றர். என் நிக்கோன் டி7100இல் 35 மில்லிமீற்றர் வைத்தால் அந்தத் தூரத்தில் 400 மீற்றர் அகலம் படத்துக்குள் வரும். ரயில் அதில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சமெல்லாம் மலை. பெரிய லென்ஸ் தேவையே இல்லை. ஆறு மாதம் 300ஐச் சுமந்து திரிந்தேன்.

முதல் நாள் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை, கோச்சி சத்தமாக மட்டும் வந்துபோனது. இரண்டாம் நாள் வட்டகொடை ஸ்டேஷனில் கேட்டேன், பிந்தும் என்றார்கள். ஒற்றைப் பாதை, எதிர்க் கோச்சி வந்து ஒதுங்க வேண்டும். அங்கே நின்றபோது வளையத்தோடு இருக்கிற டேப்ளட்டை ஓட்டுநர் கையிலிருந்து வாங்கி, அடுத்த பகுதிக்கானதைக் கொடுப்பதைப் பார்த்தேன். அந்த உலோகத் தட்டு கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம் வரைக்கும் பாதை அந்த ஓட்டுநருடையது. வளையத்தை நீட்டுகிற கையைப் படமெடுக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அன்று கோச்சி மலைக்கு வந்தபோது வெளிச்சம் போய்விட்டது.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. மத்தியானம் மழை விட்டு, கிரேட் வெஸ்டர்ன் மலையின் தலை தெரிந்தது. தூரத்துச் சத்தம் மூன்று மணிக்குப் பிறகு கேட்டது. கீழ்த் துண்டில் நீலம். அம்மா சொன்ன அந்த இரண்டு தரம் எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் புரிந்தது: கீழே போகும்போது நாலு படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிபார்த்தேன், வானம் வெளுத்திருந்தது, மூன்றில் ஒரு ஸ்டொப் குறைத்தேன். பிறகு காத்திருக்க நாலைந்து நிமிடம். கோச்சி வளைவுக்குள் மறைந்து, சத்தம் என் முதுகுக்குப் பின்னால் போய், மேலே வந்தது. எஃப்8, ஐநூறில் ஒரு செக்கன், ஐஎஸ்ஓ 200. மேகம் விலகி மலையின் பாதியில் மட்டும் வெயில் விழுந்தது, கோச்சி அந்த வெயிலுக்குள் நுழைந்தபோது ஒன்பது படம் எடுத்தேன். ஆறாவதுதான் படம்.

இரவு கம்ப்யூட்டரில் பார்த்தபோது இடது கீழ்மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. பாலைவனப் படம் எல்லாவற்றிலும் சென்சரில் மணல் தூசி விழுந்து புள்ளி இருக்கும், ஒவ்வொன்றாகத் தேய்த்து அழிப்பது அங்கத்தைய பழக்கம். கை தானாக அழிக்கப் போனது. எதற்கும் பெரிதாக்கிப் பார்ப்போம் என்று பார்த்தால், ஒரு மனிதர். தலையில் வெள்ளை உரச்சாக்கு, தோளில் கவ்வாத்துக் கத்தி, முகம் கோச்சியைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு வெட்ட வந்தவர். அவரைப் பார்த்த பிறகுதான் மலை எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிந்தது. விட்டுவிட்டேன்.

ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன், மினுக்கம் இல்லாத தாளில். அம்மா கையில் வாங்கி, கோச்சியைப் பார்க்கவே இல்லை, நேரே மூலைக்குப் போய், "இது மேல் லயத்து மாமா இல்ல?" என்றார். சாக்கு கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இன்னொரு பிரிண்ட் போட்டு மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் விரலை வைத்து, "இந்தா, இந்த நெரை நான் வெட்டுனது. அடுத்த நெரை வேற ஆளு" என்று காட்டினார்.